பாண் வண்டியில் போன சொற்கள்

மாணிக்கராஜுக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும், ஆங்கிலம் தெரியாது. மடுல்சீமையில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவர். பஸ் பலகைகளையும் கடைப் பெயர்களையும் பார்த்துப் பார்த்துப் பெரிய எழுத்துகளை மட்டும் மனதில் பிடித்து வைத்திருந்தார். அதையே சிறிய எழுத்தில் எழுதிக் காட்டினால் அவருக்கு அது வேறு பாஷை. ஐம்பது வயது தாண்டும்வரை இதை ஒரு குறையாக அவர் நினைத்ததில்லை. பதுளையில் ஒரு பேக்கரியில் பாணும் பணிஸும் ஏற்றிக்கொண்டு, முச்சக்கர வண்டியில் பாட்டை ஒலிக்கவிட்டபடி ஹாலிஎல வரை வீடு வீடாக விற்றுவருவது அவர் தொழில். அதற்கு இங்கிலீஸ் எதற்கு?

வீட்டில் இங்கிலீஸ் மனைவி றீட்டாவின் பக்கம். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான், ஆனால் சிறுவயதிலேயே பதுளையில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தவர். திருமணத்துக்குப் பிறகு கோயில் முன்பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, ஃபாதர் வாசித்து முடித்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். அதில் ஒரு சதுரம் இருக்கும். சதுரத்துக்குள் ஒன்பது எழுத்துகள். அவற்றை மாற்றி மாற்றி வைத்து எத்தனை சொற்கள் செய்யலாம், ஒன்பதையும் சேர்த்து வருகிற ஒரே நீளச் சொல் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"எஸ்ஸ மொதல்ல ஒதுக்கி வச்சிரணுங்க. அது எந்தச் சொல்லுக்கும் வாலா ஒட்டிக்கும்," என்று றீட்டா தன்பாட்டில் சொல்லிக்கொண்டே எழுதுவார். "அப்புறம் ஈயும் ஆரும் இருக்கான்னு பாக்கணும். ஐ, என், ஜி மூணும் இருந்துச்சுன்னா பாதி வேல முடிஞ்ச மாதிரி. சின்னச் சொல்லக் கண்டுபிடிச்சிட்டு, அத நீட்டிக்கிட்டே போகணும்."

மாணிக்கராஜ் வண்டியின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தபடி "ம்" என்பார். அவ்வளவுதான் அந்த விளையாட்டில் அவருடைய பங்கு.

போன வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு காலை, றீட்டா அடுப்படியிலிருந்து அவரைப் பார்த்து, "அந்தச் சாவியக் கொஞ்சம் ஊத்திக் குடிங்க," என்றார். பகிடி பண்ணுகிறார் என்று மாணிக்கராஜ் சிரித்தார். றீட்டா சிரிக்கவில்லை. திரும்ப ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் மட்டும் வந்தது. வலது கையில் இருந்த கோப்பை நழுவி விழுந்தது. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது.

பாண் ஏற்றவேண்டிய வண்டியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பாரிசவாதம் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை என்று தெரிய நாளாயிற்று. றீட்டா வீடு திரும்பியபோது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார், வலது கை மடியில் கிடந்தது. அதெல்லாம் போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சைப் பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை.

றீட்டாவிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: "அதுதான்."

பசிக்கிறதா என்று கேட்டாலும் அதுதான். வலிக்கிறதா என்று கேட்டாலும் அதுதான். கேட்பதெல்லாம் விளங்குகிறது என்று கண்ணைப் பார்த்தால் தெரியும். சொல்ல வருவது வேறு என்பதும் தெரியும். ஆனால் வாயில் வந்து நிற்பது அந்த ஒன்றுதான். பார்க்க வந்தவர்கள் காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினார்கள். அப்போதெல்லாம் றீட்டா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார்.

கொழும்பில் வேலை செய்யும் மகள் நிலுக்ஷி லீவு போட்டு வந்திருந்தாள். "அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா. நீங்க விடியக் காலைல போனா பத்து மணிக்கு வாறீங்க, பின்னேரமும் ஒரு சுத்து. இவங்க எப்படித் தனியா இருப்பாங்க?"

மாணிக்கராஜ் பதில் சொல்லுமுன் றீட்டா இடது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நிலுக்ஷி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியாயி காலை வேளைகளில் வந்து இருப்பதாக ஏற்பாடாயிற்று.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் தயானி என்ற சிங்களப் பெண். யோசித்து யோசித்துத் தமிழ் பேசுவார். முதல் நாளே மாணிக்கராஜிடம் கேட்டார்: "அக்காவுக்கு முந்தி என்ன விருப்பம்? வேல இல்ல. விருப்பம்."

"கோயில்ல பாடுவாங்க மிஸ். அப்புறம் பேப்பர்ல ஒரு வெளையாட்டு. இங்கிலீஸ் எழுத்த வச்சிச் சொல்லு கண்டுபிடிக்கிறது."

தயானியின் முகம் மலர்ந்தது. "அது நல்லம். வீட்டில செய்யுங்க. ஒன்பது வேணாம், மூணு எழுத்துல தொடங்குங்க. நேரம் குடுங்க. நீங்க விடை சொல்லக் கூடாது."

"எனக்கு விடையே தெரியாதுங்களே மிஸ்."

"அது இன்னும் நல்லம்," என்றார் தயானி.

மாணிக்கராஜ் பேக்கரியில் ஒரு கேக் பெட்டியைக் கேட்டு வாங்கிவந்து, அதன் வெள்ளை அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தை எழுதினார். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு சொல் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சொல் எழுதிய பலகையைப் பார்க்காமல் ஒரு நாள் போகாது. டீ, ஈ, ஏ. மூன்றையும் கலைத்து றீட்டாவின் முன்னால் வைத்தார்.

றீட்டா அவற்றைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இடது கையால் மெல்லத் தள்ளிவிட்டார். மறுநாளும் அப்படித்தான். பிறகொரு நாள், மாணிக்கராஜ் முகம் கழுவிவிட்டு வந்தபோது மூன்று அட்டைகளும் வரிசையாக இருந்தன. ஆனால் அவர் நினைத்த வரிசையில் இல்லை. ஈ முதலில், ஏ நடுவில், டீ கடைசியில்.

பிழையா சரியா என்று அவருக்குத் தெரியவில்லை. பிழையென்று சொல்லவும் பயம், சரியென்று பொய் சொல்லவும் மனமில்லை. "இரு, கேட்டுட்டு வாறேன்," என்றார்.

அவருடைய வாடிக்கைக்காரர்களில் ரஹ்மத்தும்மா அரசாங்கக் கச்சேரியில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை கேட்டில் வந்து நின்றவரிடம் பாணைக் கொடுத்துவிட்டு, "ஒரு சந்தேகங்க. ஈ, ஏ, டீ. இப்படி ஒரு சொல்லு இருக்குங்களா?" என்று கேட்டார்.

"ஈட். சாப்பிடுறது. ஏன் கேக்குறீங்க?"

மாணிக்கராஜ் விஷயத்தைச் சொன்னார். ரஹ்மத்தும்மா பாணை இடுக்கிக்கொண்டு கேட்டின் மேல் விரலால் எழுதிப் பார்த்தார். பிறகு, "அதே மூணு எழுத்துல இன்னமும் ஒண்டு ஈக்கிது. நான் சொல்ல மாட்டேன். போய் றீட்டாட்டக் கேளுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து, "இன்னும் ஒண்ணு இருக்காம்," என்று மட்டும் சொன்னார். றீட்டா அட்டைகளை நகர்த்தினார். டீ, ஈ, ஏ என்று வைத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். "இது எனக்கே தெரியும். டீ," என்றார் மாணிக்கராஜ். றீட்டா கடைசியில் இருந்த ஏயை எடுத்து முன்னால் வைத்தார். ஏ, டீ, ஈ. மறுநாள் ரஹ்மத்தும்மா கேட்டில் காத்துக்கொண்டிருந்தார். "அதுதான். ஏட். சாப்பிட்டாச்சு எண்ட அர்த்தம்."

அப்படித்தான் சொற்கள் வண்டியில் ஏறின. இரவுச் சாப்பாட்டுக்கு முன் றீட்டா செய்து வைத்ததை மாணிக்கராஜ் எழுத்து எழுத்தாக மனப்பாடம் பண்ணிக்கொள்வார். விடிந்ததும் பாணோடு அதையும் கொண்டுபோவார். அவருக்கு வாசிக்க வராததால், சந்தையில் விலை சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவார். பாமசியில் மருந்து விற்கும் நிஸாம் போனில் தேடிப் பார்த்துச் சொல்லுவார். ரயில்வே குவார்ட்டஸில் இருக்கும் சிங்களக் குடும்பம் பிள்ளைகளின் அகராதியைப் புரட்டும். அர்த்தத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவந்து றீட்டாவிடம் கொடுப்பார். றீட்டாவுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். இருந்தாலும் அவர் சொல்லும்போது தலையை ஆட்டிக் கேட்பார்.

நாலெழுத்துக்கு வந்தபோது மாணிக்கராஜ் ஒரு யோசனை செய்தார். றீட்டாவின் பெயரை வைத்தால் என்ன? ஆர், ஐ, டீ, ஏ. இன்னும் ஒரு எழுத்து இருக்கட்டுமே என்று ஈயையும் சேர்த்தார். றீட்டா நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு ஐந்தையும் சேர்த்து வைத்தார்: ஐ, ஆர், ஏ, டீ, ஈ.

மறுநாள் நிஸாம் போனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஐரேட். கடும் கோபமா இருக்கிற ஆள்னு போட்டிருக்கு அண்ணே. வீட்டில ஏதும் பிரச்சினையா?"

மாணிக்கராஜுக்கு அன்று வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. மீதிச் சில்லறையைப் பிழையாகக் கொடுத்தார், ஒரு வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று கேட்டார்: "என் மேல கோவமா றீட்டா?"

றீட்டா அவரையும் மேசையில் இன்னும் கலைக்காமல் கிடந்த அட்டைகளையும் பார்த்தார். அவருடைய வாயின் நல்ல பக்கம் விரிந்தது. பிறகு தோள் குலுங்கியது. நோய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அவர் மேல் இல்லை என்று தலையசைத்தார். பிறகு மடியில் கிடந்த வலது கையைச் சுட்டினார், வாயைச் சுட்டினார், தெருப்பக்கம் சுட்டினார், அந்த ஐந்தெழுத்துச் சொல்லை விரலால் தட்டினார்.

"இருக்காதா பின்ன," என்றார் மாணிக்கராஜ். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் சீராகப் போகிறது என்று அவர் நினைத்திருந்த வேளையில் மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு றீட்டாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் பாடியபோது றீட்டாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுந்து நின்று செபம் சொல்ல வேண்டிய இடத்தில் அவரிடமிருந்து வெளியே வந்தது "அதுதான், அதுதான்" என்பது மட்டுமே. முன்வரிசைக் குழந்தையொன்று திரும்பிப் பார்த்தது. அது அவரிடம் முன்பள்ளியில் படித்த பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் றீட்டா மேசையில் இருந்த அட்டைகளை இடது கையால் வழித்துத் தரையில் தள்ளினார். மாணிக்கராஜ் பொறுக்கி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். அடுத்த நாள் எடுத்து வைத்தபோது றீட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளினிக்குக்கும் வர மறுத்தார். தெருவில் ரஹ்மத்தும்மா, "இண்டைக்கு ஒண்டும் இல்லையா?" என்று கேட்கும்போது, "இல்லீங்க," என்று சொல்லிவிட்டு வேகமாக வண்டியை எடுப்பார்.

வற்புறுத்தக் கூடாது என்று தயானி சொல்லியிருந்தார். சும்மா இருக்கவும் மாணிக்கராஜால் முடியவில்லை. ஒரு பின்னேரம் மழையில் சுற்று போக முடியாமல் வீட்டில் இருந்தார். டப்பாவைத் திறந்து, றீட்டாவைக் கூப்பிடாமல், தானே விளையாட உட்கார்ந்தார். எதுவும் வரவில்லை. கடைசியில் தன் தொழிலையே எழுதிப் பார்ப்போம் என்று பீ, ஏ, ஏ, என் என்று வைத்தார். பாண். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கட்டிலிலிருந்து றீட்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, இரண்டு ஏயில் ஒன்றை எடுத்து அப்பால் போட்டுவிட்டு, கட்டிலுக்குத் திரும்பினார்.

"இது என்னா?" என்று கேட்டார் மாணிக்கராஜ். மறுநாள் நிஸாம் சொன்னார்: "பேன். தாச்சி அண்ணே. பொரிக்கிற சட்டி."

அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து மாணிக்கராஜ் தினமும் தானே உட்கார்ந்தார், தினமும் பிழையாக வைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்கு அவ்வளவுதான் வந்தது. றீட்டா ஒவ்வொரு முறையும் வந்து திருத்தினார். சில நாளில் திரும்பிப் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு மாணிக்கராஜ் பூசைக்குத் தனியாகப் போய்விட்டு, ஃபாதரிடம் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் கேட்டு வாங்கிவந்தார். சதுரத்திலிருந்த ஒன்பது எழுத்துகளையும் அட்டையில் தேடி எடுத்து வட்டமாக அடுக்கினார். றீட்டா குனிந்து பார்த்தார். இடது கைவிரல் மேசையின் மேல் எழுத்துகளைத் தொடாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்தது. அவர் கண் அப்படி ஓடி மாணிக்கராஜ் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அவரும் பார்த்தார். பீ, ஆர், ஈ... அந்த வரிசையை எங்கேயோ கண்டிருக்கிறார். வண்டியின் சாமான் வாங்க எல்ல என்ற ஊர்ப் பக்கம் போகும்போதெல்லாம் வெள்ளைக்காரர் தங்குகிற வீடுகளின் வாசலில் தொங்கும் பலகை. பெரிய எழுத்து. ஒன்றுவிட்டு ஒரு வாசலில் அதே பலகை. அதன் கடைசி எழுத்துகளும் இங்கே இருந்தன. தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நீள ஆங்கிலச் சொல் தன் கண்ணுக்குத் தானாகவே தெரிந்ததில் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"றீட்டா, எனக்குத் தெரிஞ்சிருச்சு. இது வந்து, பிரேக்—"

"சொல்லாதீங்க."

மாணிக்கராஜ் வாயை மூடினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. றீட்டா தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் அது கேட்டிருந்தது. இன்னொரு முறை சொல்ல முயன்றார். "சொ... சொல்..." அதற்குமேல் வரவில்லை. மறுபடி முயன்றார், வரவில்லை. மாணிக்கராஜின் கண் கலங்கிவிட்டது. றீட்டாவோ அதற்கு இடம் கொடுக்கவில்லை. மேசையைத் தட்டி, பேசாமல் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அவருக்கு விளையாட்டு முடியவில்லை.

பிறகு தன் வழக்கப்படியே செய்தார். எஸ்ஸை ஒரு பக்கம் ஒதுக்கினார். ஈயையும் ஆரையும் கடைசியில் போட்டு ஐந்தெழுத்தில் ஒன்று செய்தார். பேக்கர், பாண் சுடுகிறவர். அதைக் கலைத்து ஆறெழுத்தில் கூடை செய்தார். அதையும் கலைத்து ஐந்தெழுத்தில் விருந்து செய்தார். அர்த்தங்கள் மாணிக்கராஜுக்கு மறுநாள்தான் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு, அவசரமில்லாமல், ஒன்பதையும் ஒரே வரிசையில் வைத்தார். எல்லவில் தொங்கும் பலகை மேசையில் கிடந்தது. பிரேக்ஃபாஸ்ட்.

"இதத்தான் சொல்ல வந்தேன்," என்றார் மாணிக்கராஜ். தெரியும் என்பதுபோல றீட்டா தலையசைத்தார்.

மறுவாரம் றீட்டா தானாகவே கிளினிக்குக்குப் புறப்பட்டார். நடந்ததைக் கேட்ட தயானி பெரிதாக ஆரவாரம் பண்ணவில்லை. "ஒரு சொல் வந்தா வழி இருக்கு. ஆனா மெதுவா வரும்," என்றார். அப்படித்தான் வந்தது. முதலில் கோபத்தில் சொல்கிற சொற்கள், பிறகு ஆட்களின் பெயர்கள். நிலுக்ஷியின் பெயரைச் சொல்ல வாரக்கணக்காயிற்று. அதைப் போனில் கேட்டவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பாட்டு இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் றீட்டா பாட்டுக்குழுவின் பின்வரிசையில் போய் நிற்கிறார். முன்பள்ளிக்கு இனி முழுநேரமாகப் போக முடியாது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்து அட்டைகளை அடுக்கிக் காட்டிவிட்டு வருகிறார்.

வண்டியில் அட்டை ஒட்டும் யோசனையும் அவருடையதுதான். ஒரு சனிக்கிழமை காலை, இடது கையால் கோணல்மாணலாக ஒன்பது எழுத்துகள் எழுதிய அட்டையை மாணிக்கராஜிடம் நீட்டி, வண்டியின் பின்கண்ணாடியைக் காட்டினார். மாணிக்கராஜுக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒட்டினார். திரும்பி வருவதற்குள் தெருவே பேசத் தொடங்கியிருந்தது. இப்போது சனிக்கிழமைகளில் பாட்டுச் சத்தம் கேட்டால் பாண் வேண்டாதவர்களும் கேட்டுக்கு வருகிறார்கள். நிஸாம் கடையை விட்டு இறங்கி வருகிறார். ரஹ்மத்தும்மா ஒரு நாளும் முதலில் சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும்விட நீளமானதைச் சொல்லுவார்.

போன சனிக்கிழமை ஒரு சச்சரவு வந்தது. அந்த வாரத்து ஒன்பது எழுத்தும் சேர்ந்தால் மலைகள் என்று அர்த்தம் வரும் சொல். அதை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ரயில்வே குவார்ட்டஸ் ஐயா தான் ஏழெழுத்தில் 'ஸ்டேஷன்' கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். அது ஆகாது என்றார் ரஹ்மத்தும்மா. ஏன் ஆகாது, பதுளையில் ஸ்டேஷன் இல்லையா என்று ஐயா கேட்டார். நிஸாம் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தார். பின்னால் வந்த வேன் ஹோர்ன் அடித்தது.

மாணிக்கராஜ் போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்டேஷன் வருமான்னு கேக்கிறாங்க றீட்டா."

போனில் அட்டைகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு றீட்டாவின் குரல், ஒவ்வொரு சொல்லாக: "இல்ல. டீ... ஒண்ணுதான். அதுக்கு... ரெண்டு வேணும்."

குவார்ட்டஸ் ஐயா அட்டையைக் குனிந்து பார்த்து, எழுத்துகளை விரலால் எண்ணி, தோற்றதை ஒப்புக்கொண்டு ஒரு கிம்புலா பணிஸ் வாங்கினார். மாணிக்கராஜ் போனை வைக்கப்போனார்.

"என்னங்க," என்றார் றீட்டா. "வரும்போது வெலிமட மரக்கறிக் கடையில... வெங்... இல்ல. அது இல்ல. பச்சையா... நீட்டா..."

என்ன வேண்டும் என்று மாணிக்கராஜுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிநின்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. நிஸாம் வாயைத் திறந்தார், ரஹ்மத்தும்மா அவர் கையைத் தட்டினார். வேன்காரரும் ஹோர்னை விட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுத்தெருவில் எல்லோரும் அந்தப் போனைப் பார்த்தபடி நின்றார்கள்.

"லீக்ஸ்," என்றார் றீட்டா. "லீக்ஸ் வாங்கிட்டு வாங்க."

"சரி, வாங்கிட்டு வாறேன்," என்று சொல்லி, மாணிக்கராஜ் அடுத்த வீட்டுக்கு வண்டியை நகர்த்தினார்.